வீடும் வளவும்: நோபல் பார்க்கில் ஒரு பசு வளர்க்கலாமா?

இந்தப் பகுதிக்கு வரும் கேள்விகளில் சில, மாதம் தவறாமல் வருகின்றன. முருங்கை இங்கு வருமா, கறிவேப்பிலைக் கன்று குளிரைத் தாங்குமா என்பவை அவற்றில் முதலிடம் பெறும். அடுத்து வருவது பால். "இங்கத்தைப் பாலிலை ஒரு மணமும் இல்லை, ஆடையும் இல்லை. பின்வளவிலை ஒரு சின்னப் பசுவைக் கட்டி வளர்த்தால் என்ன?" என்று புதிதாகக் குடிவந்த குடும்பங்களில் பெரியவர்கள் கேட்கிறார்கள். "மாட்டுக்காரனிட்டை நேரை பச்சைப்பால் வாங்கலாமோ?" என்று சிறு பிள்ளைகள் உள்ள தாய்மார் கேட்கிறார்கள். இரண்டு கேள்விக்கும் சேர்த்து இம்முறை பதில் எழுதுகிறோம்.

கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் பசு என்பது வீட்டில் ஒரு ஆள் மாதிரி. மாரி வந்தால் அதற்கொரு கொட்டில், தைப்பொங்கலுக்கு மறுநாள் அதற்கென ஒரு பட்டிப்பொங்கல், கன்று போட்டால் அயலுக்கெல்லாம் கடும்புப்பால். வீட்டுச் செலவுக்குப் போக மிஞ்சிய ஒரு போத்தல் இரண்டு போத்தல் பாலை விற்றுப் பிள்ளைகளின் கொப்பிக்கும் பென்சிலுக்கும் காசு பார்த்த தாய்மார் எத்தனையோ பேர். 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட இரவிலும், 2009இல் வன்னியிலும், கடைசியாகச் செய்த வேலை மாட்டின் கயிற்றை அவிழ்த்துவிட்டதுதான் என்று சொல்பவர்கள் நம்மிடையே உண்டு. அந்தக் கயிற்றை மறுபடி கையில் பிடிக்க வேண்டும் என்ற ஆசை பாலுக்காக மட்டும் வருவதில்லை.

ஆனாலும் ஆசை வேறு, இந்த ஊரின் நிலமும் சட்டமும் வேறு. முதலில் நிலத்தைப் பார்ப்போம்.

வளவு போதுமா?

நோபல் பார்க் ஒரு காலத்தில் மாடு மேய்ந்த பூமிதான். பக்கத்து டண்டினோங் சந்தை 1866 முதல் நடந்து வருகிறது. கிப்ஸ்லாந்துப் பக்கத்திலிருந்து மாடுகளைச் சாய்த்துக்கொண்டு வந்து விற்ற சந்தை அது. இன்று அங்கே மரக்கறியும் மீனும் உடுப்பும்தான். மேய்ச்சல் நிலங்கள் எல்லாம் தெருவும் வீடுமாகிவிட்டன. நம்மவர் வாடகைக்கு எடுக்கும் வீடுகளின் காணி பெரும்பாலும் 600 சதுர மீற்றர் அளவுக்குள்தான் இருக்கும். அதிலே வீடும் கார் நிறுத்தும் இடமும் போக மிஞ்சுவது ஒரு துண்டுப் புல்தரை.

ஒரு பசு முழுக்க மேய்ந்து வயிறு நிரப்புவதற்கு, நல்ல புல் உள்ள இடத்திலும், ஒன்று இரண்டு ஏக்கர் வேண்டும். ஒரு ஏக்கர் என்பது 4047 சதுர மீற்றர். அதாவது நமது முழு வளவைப் போல ஏழு மடங்கு வேண்டும். அதிலும் வீடே இருக்கக் கூடாது.

மேய்ச்சல் இல்லாமல் கட்டித் தீன் போட்டு வளர்க்கலாமே என்பீர்கள். ஊரில் அப்படித்தான் வளர்த்தோம். வைக்கோல், தவிடு, எள்ளுப் பிண்ணாக்கு, பூவரசங்குழை, கிழித்துப் போட்ட பனையோலை, கழுநீர் என்று பாதிக்கு மேல் காசில்லாமல் கிடைத்தது. இங்கே எல்லாம் காசு. ஜேர்சிப் பசு ஒன்று 400 கிலோ நிறை இருக்கும். நாளொன்றுக்கு அதற்கு ஏறத்தாழ 14 கிலோ உலர்புல் தேவை. 20 கிலோக் கட்டாக வாங்கினால் மாதம் 21 கட்டு. கறவை மாடு வெயில் நாளில் 100 லீற்றர் தண்ணீர் வரை குடிக்கும்; அதற்கும் பில் வரும். ஒரு நாளைக்கு 25 கிலோ வரை சாணகம் போடும். ஊரில் அது தோட்டத்துக்குப் பசளை, முற்றத்துக்கு மெழுக்கு. இங்கே வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டாரின் குசினி யன்னல்.

டெக்ஸ்ரர் என்ற அயர்லாந்து இனம் உருவத்தில் சிறியது, 300 கிலோவுக்குச் சற்று மேல். நமது நாட்டு மாட்டைப் பார்த்த கண்ணுக்கு இதமாக இருக்கும். அதற்கும் ஒரு ஏக்கரளவு வேண்டும். ஆடு என்றாலும் கதை அதிகம் மாறாது.

சட்டம் என்ன சொல்கிறது?

குடியிருப்புப் பகுதிகளில் எந்த மிருகத்தை, எத்தனை வைத்திருக்கலாம் என்பதை மாநகரசபைகளின் உள்ளூர்ச் சட்டங்கள் தீர்மானிக்கின்றன. நோபல் பார்க் கிறேற்றர் டண்டினோங் மாநகரசபைக்கு உட்பட்டது. சாதாரண வீட்டு வளவுக்கு மாடு வைக்க அனுமதி கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரின் சம்மதம் வேறு.

மாநகரசபைக்கு மேலே மாநில அரசின் விதிகள் உண்டு. விக்ரோறியாவில் ஒரேயொரு பசுவோ ஆடோ வைத்திருந்தாலும் அந்தக் காணிக்கு ஓர் அடையாள இலக்கம் பெற்றிருக்க வேண்டும். விவசாயத் திணைக்களம் அதை இலவசமாகத் தருகிறது. மாட்டின் காதில் இலத்திரனியல் தோடு இல்லாமல் அதைக் காணியை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. நோய் பரவினால் எந்த மாடு எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பதற்காக இந்த ஏற்பாடு.

நம்மவருக்குப் புதிதாக இருக்கக்கூடிய இன்னொரு விதி தீன் பற்றியது. மாடு, ஆடு போன்ற அசைபோடும் மிருகங்களுக்கு இறைச்சி, மீன், எலும்பு கலந்த எதையும் இங்கே கொடுக்கக் கூடாது. கறிச்சட்டி கழுவிய தண்ணீரும் கோழித்தீனும்கூட இதற்குள் வரலாம். இங்கிலாந்தில் மாடுகளுக்குப் பித்துப்பிடித்த நோய் பரவியதன் பின் பல நாடுகள் கொண்டுவந்த தடை இது.

கறவை என்றால் கன்றும் வேண்டும்

நகரத்தில் பிறந்த பிள்ளைகள், மாடு என்றால் எப்போதும் பால் தரும் என்று நினைக்கிறார்கள். பெரியவர்களுக்குத் தெரியும்: கன்று போட்டால்தான் பால். சினைக் காலம் ஒன்பது மாதத்துக்கு மேல், சுமார் 283 நாள். அடுத்த கன்றுக்கு முன் இரண்டு மாதம் பால் வற்றவிட வேண்டும். கன்று போட்டதும் ஜேர்சி இனத்துக்குச் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து மாடு எழும்ப முடியாமல் விழுந்துவிடுவது உண்டு. அந்த நேரத்தில் மிருக வைத்தியர் உடனே வராவிட்டால் மாடு தப்பாது. மடிவீக்கம் வரும். பச்சைக் குளோவர்ப் புல்லை அளவுக்கு மிஞ்சித் தின்றால் வயிறு ஊதும்.

பிறப்பது நாம்பன் கன்றாக இருந்தால் என்ன செய்வது? ஊரில் வண்டிலுக்கோ கலப்பைக்கோ போகும். இங்கே அதற்கு ஒரே வழிதான் உண்டு என்பதைச் சொல்லாமலே விளங்கிக்கொள்வீர்கள். மரக்கறிச் சாப்பாட்டு வீடுகள் இந்தக் கேள்விக்கு முதலில் விடை கண்டுவிட்டு மாடு வாங்க யோசிக்கலாம்.

காலையும் மாலையும் கறக்க வேண்டும். கறவைக்கு முன் மடி கழுவி, பின் பாத்திரம் கழுவி முடிக்க ஒவ்வொரு முறையும் முக்கால் மணித்தியாலம் போகும். தொழிற்சாலையில் இரவு வேலை செய்துவிட்டு வரும் தகப்பனுக்கும், காலையில் ஆங்கில வகுப்புக்கு ஓடும் தாய்க்கும் இது நடக்கிற காரியமா என்று பாருங்கள். கலியாண வீட்டுக்கு சிட்னி போனாலும் மாட்டுக்கு லீவு இல்லை.

பச்சைப்பால் ஏன் ஆபத்து?

"சரி, மாடு வேண்டாம். தெரிந்த பண்ணைக்காரனிடம் கறந்த பாலை வாங்கினால்?" என்ற கேள்விக்கு வருவோம்.

அவுஸ்திரேலியாவில் காய்ச்சிப் பதப்படுத்தாத பசுப்பாலை மனிதர் குடிப்பதற்காக விற்பது சட்டவிரோதம். தன் சொந்த மாட்டின் பாலைத் தான் குடிப்பவரை யாரும் பிடிப்பதில்லை. விற்றால்தான் குற்றம். இந்தத் தடையைச் சுற்றிப் போவதற்காக முன்பு சிலர் "குளிக்கும் பால்" என்ற பெயரில், மேலுக்குப் பூசுவதற்கென்று லேபல் ஒட்டி, பச்சைப்பாலைப் போத்தலில் விற்றார்கள். பார்வைக்கு அது சாதாரண பால் போத்தல் மாதிரியே இருந்தது. வாங்கியவர்கள் குடிக்கத்தான் வாங்கினார்கள்.

2014இன் பிற்பகுதியில், நமது மாநிலத்தில், அத்தகைய பாலைக் குடித்த சிறு பிள்ளைகள் சிலர் கடும் நோயுற்றார்கள். சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. மூன்று வயதுக் குழந்தை ஒன்று இறந்தது. 2015 தொடக்கத்தில் விக்ரோறிய அரசு விதியை இறுக்கியது. குடிப்பதற்கல்லாத பச்சைப்பாலில், வாயில் வைக்க முடியாதபடி கசப்புப் பொருள் போன்ற ஒன்றைக் கலக்க வேண்டும் என்றாயிற்று.

சில இடங்களில் "மாட்டில் பங்கு" என்று ஒரு முறை நடந்தது. மாட்டில் ஒரு பங்கை வாங்கினால் உங்கள் மாட்டின் பாலை நீங்கள் குடிக்கிறீர்கள், விற்பனை இல்லையே என்பது அவர்களின் நியாயம். தெற்கு அவுஸ்திரேலியாவில் 2010களில் நீதிமன்றம் அந்த நியாயத்தை ஏற்கவில்லை. ஆகவே யாராவது அப்படி ஒரு ஏற்பாட்டைச் சொன்னால் கையெழுத்து வைக்க முன் நன்றாக யோசியுங்கள். விசா முடிவுக்காகக் காத்திருப்பவர்கள், மிஞ்சிய பாலை அயலில் விற்று நாலு காசு பார்க்கும் எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். சிறு விஷயத்துக்காகப் பெரிய சிக்கலில் மாட்டத் தேவையில்லை.

நோய் எங்கிருந்து வருகிறது? நோயுள்ள மாட்டிலிருந்துதான் என்று பலர் நினைக்கிறார்கள். அவுஸ்திரேலியா மாடுகளிடையே கருச்சிதைவு நோயான புறூசெல்லாவை 1989இலும், காசநோயை 1997இலும் இல்லாமல் செய்துவிட்டது. ஊரில் நாம் பயந்த அந்த இரண்டும் இங்குள்ள மாடுகளிடம் இல்லை. இப்போது பயம் வேறு. நல்ல சுகமாக, பளபளவென்று நிற்கும் மாட்டின் குடலிலேயே சில வகை ஈ.கோலைக் கிருமிகள் குடியிருக்கும். மாட்டுக்கு அவை ஒன்றும் செய்வதில்லை. சாணகத்தோடு வெளியே வந்து, மடியில் ஒட்டி, கண்ணுக்குத் தெரியாத அளவில் பாலில் விழுந்தால் போதும். பெரியவருக்கு வயிற்றோட்டத்தோடு போய்விடலாம். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு அதே கிருமியின் நஞ்சு இரத்தத்தைச் சிதைத்துச் சிறுநீரகத்தை நிறுத்திவிடும். கம்பிலோபக்ரர், சல்மொனெல்லா, லிஸ்ரீரியா என்பவையும் இதே வழியால் வருகின்றன. இவற்றில் லிஸ்ரீரியா கர்ப்பிணித் தாய்மாரின் கருவைத் தாக்கும்.

எவ்வளவு சுத்தமாகக் கறந்தாலும் இந்த ஆபத்தை முற்றாக நீக்க முடியாது. மணந்து பார்த்தோ ருசித்துப் பார்த்தோ கண்டுபிடிக்கவும் முடியாது. நீக்குவது சூடு ஒன்றுதான். 63 பாகை செல்சியஸில் 30 நிமிடம், அல்லது 72 பாகையில் 15 விநாடி. பால் தொழிற்சாலைகள் செய்வது இதைத்தான். 1860களில் லூயி பாஸ்ரர் வைனுக்காகக் கண்ட வழியைப் பின்வந்தவர்கள் பாலுக்கும் கொண்டுவந்தார்கள்.

பிள்ளைக்கு வயிற்றோட்டத்தில் இரத்தம் கண்டால், முகம் வெளிறினால், சலம் போவது குறைந்தால், கை மருந்து செய்து காத்திருக்க வேண்டாம். உடனே டண்டினோங் ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். நிலைமை மோசமென்றால் 000 அழையுங்கள். என்ன பால் குடித்தது என்பதை மறைக்காமல் டொக்ரரிடம் சொல்லுங்கள். ஆங்கிலம் தடையென்றால் 131 450 இல் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.

ஊரில் நாம் குடித்தது என்ன?

"ஊரிலை காலங்காலமாய்க் குடிச்சனாங்கள், எங்களுக்கு ஒண்டும் வரேல்லையே" என்பது அடுத்த வாதம். சற்று நினைத்துப் பாருங்கள். கறந்த சூட்டோடு குடித்தவர்கள் சிலர் இருந்தார்கள்தான். ஆனால் நமது குசினியில் பால் வந்தவுடன் நடந்தது என்ன? அடுப்பில் ஏற்றிப் பொங்க வைத்தார்கள். புதுவீடு புகுந்தால் முதற்காரியம் பால் காய்ச்சுவது. தேத்தண்ணிக்கு, தயிருக்கு, பிள்ளைக்கு, எல்லாவற்றுக்கும் காய்ச்சின பால். விஞ்ஞானம் பெயர் வைக்கும் முன்பே நமது ஆச்சிமார் செய்துவந்த காரியம் அது.

ஆகவே நாம் ஏங்கும் அந்த ருசி பச்சைப்பாலின் ருசி இல்லை. காய்ச்சின பாலின் ருசி. மேலே ஆடை படிந்த பாலின் ருசி. இங்கத்தைப் பாலில் ஆடை படியாததற்குக் காரணம் சூடாக்கியது அல்ல. கொழுப்பை மிக நுண்ணிய துளிகளாக உடைத்துப் பாலோடு கலந்துவிடுகிறார்கள். பிரான்சைச் சேர்ந்த ஒகுஸ்ற் கோலின் 1899இல் பதிவுசெய்த இயந்திரத்திலிருந்து வந்த முறை இது. உடைந்த கொழுப்பு மேலே மிதந்து வராது.

இதற்கு வழி கடையிலேயே இருக்கிறது. பதப்படுத்திய, ஆனால் கொழுப்பு உடைக்காத பால் என்று ஒரு வகை சுப்பர் மார்க்கெற்றுகளில் கிடைக்கிறது. போத்தலில் 'அன்ஹொமொஜினைஸ்ட்' என்று எழுதியிருக்கும். மூடியைத் திறந்தால் கழுத்தளவில் மஞ்சள் பாடாகக் கொழுப்பு நிற்கும். சாதாரண பாலைவிட விலை கூட. தினமும் வாங்காவிட்டாலும் வெள்ளிக்கிழமைக்கு ஒன்று வாங்கலாம். இதைக் காய்ச்சி ஆற வைத்துப் பாருங்கள். ஆடை படியும்.

தயிருக்கு இந்தப் பால் மிக நல்லது. இரண்டு லீற்றரைப் பொங்கக் காய்ச்சி, சிறு நெருப்பில் பத்து நிமிடம் விட்டு இறக்குங்கள். சுட்டுவிரலை விட்டால் பொறுக்கக்கூடிய சூடு வந்ததும், உயிருள்ள கிருமி இருப்பதாக எழுதிய வெறும் தயிரில் இரண்டு தேக்கரண்டி எடுத்து உறை போடுங்கள். மெல்பேர்ண் குளிரில் உறையாது என்று குறை சொல்பவர்கள், சட்டியைத் துவாயால் சுற்றி, அணைத்த அவனுக்குள் லைற்றை மட்டும் போட்டு இரவு முழுக்க வைக்கவும். விடிய வெட்டியெடுக்கும் பதத்தில் இருக்கும். ஒரு கிழமை ஆடையைச் சேர்த்து உறைபோட்டுக் கடைந்தால் வெண்ணெய் வரும். நெய்க்கு அவ்வளவு பாடு வேண்டாம்; உப்பில்லாத பட்டரை வாங்கிச் சிறு நெருப்பில் உருக்கி, முருங்கையிலை ஒரு நெட்டு போட்டு இறக்கலாம்.

கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு ஒரு சொல்: ஒரு வயது முடியும் வரை தாய்ப்பாலோ குழந்தைகளுக்கான மாப்பாலோதான் முதன்மை உணவு. எந்தப் பசுப்பாலையும், காய்ச்சினதானாலும், அதற்குப் பதிலாகக் கொடுக்க வேண்டாம். சந்தேகம் வந்தால் தாய் சேய் நல தாதியரை 13 22 29 இல் இரவும் பகலும் கேட்கலாம்.

காணி உள்ளவர்களுக்கு

சில குடும்பங்கள் பல வருட உழைப்புக்குப் பின் பக்கன்ஹாம் தாண்டி, கிப்ஸ்லாந்துப் பக்கம் சில ஏக்கர் வாங்க யோசிக்கின்றன. அவர்களுக்கு மாடு கைக்கெட்டாத கனவு இல்லை. காணி வாங்க முன்பே மாநகரசபையில் விசாரியுங்கள்; அடையாள இலக்கம் எடுங்கள்; கன்று போட்டுப் பழகின, கையால் கறக்க நிற்கும் மாடாகப் பாருங்கள்; பக்கத்தில் உள்ள மிருக வைத்தியரின் நம்பரைக் குசினியில் எழுதி ஒட்டுங்கள். மாடு கூட்டமாக வாழும் சீவன், தனியே விட்டால் கத்திக்கொண்டே நிற்கும். ஒரு துணை வேண்டும். பூசைக்கென்று வேலியோரம் அலரி நட்டிருந்தால் பிடுங்கிவிடுங்கள். கொஞ்ச இலையே மாட்டைக் கொல்லப் போதும். புல்வெட்டியில் சேர்ந்து குவிந்து சூடேறிய புல்லையும் போட வேண்டாம். கறந்த பாலைக் காய்ச்சி, விரைவாக ஆற்றி, 5 பாகைக்குக் கீழே வையுங்கள்.

நோபல் பார்க்கில் இருக்கும் நாங்கள் பிள்ளைகளுக்குப் பசுவைக் காட்டவாவது செய்யலாம். அபொட்ஸ்ஃபோர்டில் 1979 முதல் கொலிங்வூட் சிறுவர் பண்ணை இருக்கிறது. புறப்பட முன் நேரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு செப்ரெம்பரிலும் றோயல் மெல்பேர்ண் ஷோவுக்கு நல்ல கறவை இனங்கள் எல்லாம் வரும். தாத்தா பாட்டியையும் கூட்டிக்கொண்டு போங்கள். மடியைப் பார்த்து எத்தனை லீற்றர் கறக்கும் என்று சொல்ல அவர்களுக்குத்தான் தெரியும். அன்றைக்குப் பேரப்பிள்ளைகள் அவர்களிடம் கேட்டுப் படிக்கட்டும்.

அடுத்த இதழில்: குளிரில் இலை உதிர்க்கும் கறிவேப்பிலையைக் காப்பாற்றுவது எப்படி? கேள்விகளை இம்மாத முடிவுக்குள் எழுதி அனுப்பவும்.